பந்தலுக்கும் புட்டிக்கும் நடுவே

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் கடைவீதிக்குத் தள்ளுவண்டியில் வரும் பன்னீர் திராட்சைக்கு ஊர்ப் பெயர் உண்டு. ஆள் பெயர் கிடையாது. "கம்பம் திராட்சை" என்று வண்டிக்காரர் கூவுவார். கம்பத்தில் யாருடைய தோட்டம், கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. மண்டியில் அவருக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவருக்கும் தெரியாது. கொத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சு மருந்தா, பழத்தின் இயல்பான மெழுகா என்று புரியாமல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவித் தின்கிறோம்.

இதே திராட்சை பிரான்சின் தெற்கிலும் விளைகிறது. வோக்ளூஸ் மாவட்டத்தில் வாந்தூ மலைச்சரிவுகளில் வளரும் 'மஸ்கட் ஹாம்பர்க்' ரகமும் நம் பன்னீர் திராட்சையும் ஒன்றுதான். அங்கும் அது பெரும்பாலும் தின்பதற்கான பழம். 1997-இல் பிரெஞ்சு அரசு அதற்குப் பிறப்பிடப் பெயர் உரிமை வழங்கியது. எந்த ஊர்களில் விளையலாம், எப்படி அறுக்க வேண்டும், எந்தக் கொத்தைக் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த உரிமையின் விதிகளில் அடங்கியிருக்கின்றன.

கொடி ஒன்றுதான். ஓர் இடத்தில் அது பெயரோடு சந்தைக்குப் போகிறது. இன்னோர் இடத்தில் எடையோடு போகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தெற்கு பிரான்சில் நான்கைந்து ஹெக்டேரை வைத்துக்கொண்டு, இயற்கை முறையில் பயிர்செய்து, தானே ஒயின் வடித்து, தன் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்கும் சிறு உழவர் எப்படி உருவானார்? அந்த வழியில் தமிழ்நாட்டுக்கு ஏற்றது எது, ஏற்காதது எது? இந்தக் கட்டுரை இவற்றைத்தான் பரிசீலிக்கிறது.

ஒரு கொடியின் இரண்டு வாழ்க்கை

பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில் ஒன்றில் பிறந்த கலப்பின ரகம் என்று திராட்சை நூல்கள் சொல்கின்றன. 'அலெக்சாண்டிரியா மஸ்கட்', 'கறுப்பு ஹாம்பர்க்' ஆகிய இரண்டின் கலப்பு அது. அப்படியானால் பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு திராட்சையாக இருக்கலாம்; இந்த ரகம் பின்னால் வந்து அதன் கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கலாம்.

எப்படி வந்திருந்தாலும், கம்பம் பள்ளத்தாக்கு அதற்குப் புகுந்த வீடாயிற்று. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றும் சேர்ந்து சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களை நிறைத்தன. பிரான்சில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் உறக்கம் கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வரும். எப்போது கவாத்து செய்கிறோமோ அதற்கேற்ப ஆண்டின் எந்த மாதத்திலும் பழம் கிடைக்கும். கம்பத்தின் பலமும் பலவீனமும் இதுவே. எப்போதும் பழம் உண்டு என்பதால் எந்தப் பழத்துக்கும் தனிப் பருவம் இல்லை. பருவம் இல்லாத சரக்குக்குக் காத்திருப்பவர் யாரும் இல்லை.

பூச்சி, கலப்படம், துப்பாக்கி

தெற்கு பிரான்சின் சிறு தோட்டக்காரருக்கு இன்றிருக்கும் மதிப்பு பிறவியில் வந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பட்டது நமக்குத் தெரியாததால் வரும் நினைப்பு அது.

1863 வாக்கில் கார் மாவட்டத்தில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. அமெரிக்கக் கொடிகளோடு வந்த, வேரை உறிஞ்சும் 'ஃபிலொக்ஸெரா' என்ற நுண்பூச்சிதான் காரணம் என்று மோன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் ஜூல் எமில் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் 1868-இல் கண்டுபிடித்தார்கள். மருந்தால் அது அடங்கவில்லை. நோய் வந்த அமெரிக்காவிலிருந்தே தீர்வும் வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். நாடு முழுவதும் தோட்டங்களை மறுபடி நட வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் போலி ஒயின் சந்தையைப் பிடித்தது. சர்க்கரைத் தண்ணீரை ஊறவைத்தும், உலர்திராட்சையை நனைத்தும், அல்ஜீரியச் சரக்கைக் கலந்தும் விற்றார்கள். தோட்டங்கள் மீண்டும் காய்த்தபோது விலை விழுந்து கிடந்தது. 1907 மார்ச்சில் ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து மார்சலன் அல்பேர் என்பவர் 87 பேரைக் கூட்டிக்கொண்டு நார்போனுக்கு நடந்தார். அவர் சிறு தோட்டக்காரர். ஊரில் காப்பிக்கடையும் நடத்தியவர். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் பெருகியது. ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் திரண்டார்கள். நார்போனில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பிள்ளைகளே நிறைந்த 17-ஆம் காலாட்படைப் பிரிவு மேலதிகாரிகளின் பேச்சைக் கேட்காமல் பெசியே நகரத்துக்குள் நடந்துபோனது. ஜூன் 29-இல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய திராட்சையோ அதன் சாறோ நொதித்து வருவது மட்டுமே ஒயின் என்று அரசு வரையறுத்தது.

சிறு உழவர் கேட்டது மானியமோ கடன் தள்ளுபடியோ மட்டுமாக இருந்திருந்தால் அந்தப் போராட்டம் அந்த ஆண்டோடு மறந்துபோயிருக்கும். அவர் கேட்டது ஒரு சொல்லுக்குப் பொருள். எது ஒயின் என்று சட்டம் சொன்ன பிறகுதான், எந்த ஊர் ஒயின், யார் செய்த ஒயின் என்ற அடுத்த கேள்விகளுக்கு இடம் வந்தது. ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரில் லெ ருவா பிரபு 1920-களில் தன் ஊர்த் தோட்டக்காரர்களைச் சேர்த்துப் போட்ட கட்டுப்பாடுகள், 1935-இல் நாடு தழுவிய பிறப்பிடப் பெயர்ச் சட்டத்துக்கு முன்மாதிரி ஆயின.

கூட்டுறவும் தனி வழியும்

பெயரைச் சட்டம் காத்தாலும், பழத்தை ஒயினாக்கும் தொட்டியும் நிலவறையும் சிறியவரிடம் இல்லை. அதற்கு விடை கூட்டுறவு; அது இந்தச் சட்டங்களுக்கு முன்பே முளைவிட்டிருந்தது. பெசியேக்குப் பக்கத்து மரோசான் ஊரில் 1901-இல் சிறு தோட்டக்காரர்கள் சங்கம் அமைத்துப் பாரிஸ் தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடைகளுக்கு நேராக ஒயின் அனுப்பினார்கள். சோசலிசத் தலைவர் ஜான் ஜோரெஸ் 1905-இல் அங்கே போய்ப் பார்த்துப் பாராட்டி எழுதினார். பிறகு லாங்தொக் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கூட்டுறவு நிலவறை எழுந்தது.

கூட்டுறவு உழவரைக் காப்பாற்றியது. ஆனால் விலையை எடைக்கும் சர்க்கரை அளவுக்கும் கொடுத்தது. அக்கறையாகப் பயிர்செய்தவர் பழமும் அலட்சியமாகப் பயிர்செய்தவர் பழமும் ஒரே தொட்டியில் விழுந்தன. அதில் மனம் ஒப்பாதவர்கள் தங்கள் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு தனியே வடிக்கத் தொடங்கினார்கள். சொந்தப் பழம், சொந்த வடிப்பு, சொந்தப் புட்டி, சொந்த விற்பனை என்பது இவர்களுடைய கொள்கை. 1970-களின் கடைசியில் உருவான சுதந்திர திராட்சையாளர் கூட்டமைப்பின் சின்னம் தோளில் மிடாவைச் சுமந்து நிற்கும் ஒரு மனிதன். இன்றைக்கும் அந்தச் சின்னத்தைப் புட்டியின் மூடியில் பார்க்கலாம்.

இந்த வழியில் பெயர் பெற்றவர் எரோ மாவட்டத்து அனியான் ஊருக்கு அருகே 'மா த தோமா காசாக்' தோட்டத்தை அமைத்த எமே கிபேர். அவருடைய முதல் ஒயின் 1978-ஆம் ஆண்டு அறுவடையில் வந்தது. மட்டமான சரக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்த வட்டாரம் உயர்ந்த ஒயினும் தரும் என்று அவர் காட்டினார். 2000-இல் கலிபோர்னியாவின் மொண்டாவி நிறுவனம் அதே அனியான் காட்டுச் சரிவில் பெரும் தோட்டம் போட வந்தது. ஊர் இரண்டுபட்டது. உள்ளாட்சித் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் வென்றார்கள். 2001-இல் நிறுவனம் பின்வாங்கியது. சிறியவர் எப்போதும் நல்லவர், பெரியவர் எப்போதும் கெட்டவர் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. ஓர் ஊரின் சரிவை என்ன செய்வது என்பதை ஊர் முடிவுசெய்ய முடிந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

'இயற்கை' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

தெற்கு பிரான்சில் இயற்கை முறைத் திராட்சை பரவியதற்கு முதல் காரணம் காற்று. வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரல், வடமேற்கிலிருந்து வீசும் ட்ரமொந்தான் இரண்டும் இலையை உலர்த்திவிடும். ஈரம் தங்காத இலையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மழை மிகுந்த போர்தோவில் அந்த வசதி இல்லை. அங்கே அடிச்சாம்பல் நோயை எதிர்க்க 1885-இல் மில்லார்தே மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஒரு மருந்தைக் கண்டார். நம்மூர் வேளாண் கையேடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் 'போர்டோ கலவை' அதுதான்.

இந்தக் கலவை இயற்கை விவசாயத்திலும் அனுமதிக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். ஆனால் தாமிரம் மண்ணில் மக்காது, ஆண்டுக்காண்டு சேரும், மண்புழுவுக்கு ஆகாது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. 'இயற்கை' என்றால் மருந்தே இல்லை என்று பொருளில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று கணக்கு உண்டு என்று பொருள்.

நிலவறைக்குள்ளும் கணக்கு உண்டு. 2012 வரை ஐரோப்பாவில் 'இயற்கை ஒயின்' என்று எழுத முடியாமல் இருந்தது. 'இயற்கை முறைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்றே எழுத வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு விதி இருந்தது, வடிப்புக்கு இல்லை. அந்த ஆண்டு வந்த விதி, கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடைச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமாகக் கட்டுப்படுத்தியது. சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு அது 150 வரை போகலாம். இதுவும் போதாது என்பவர்கள் 2020-இல் தனிச் சாசனமே வகுத்தார்கள்: கையால் அறுவடை, பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட்டாலேயே நொதிப்பு, கந்தகம் இல்லை அல்லது 30 மில்லிகிராமுக்குக் கீழே.

சான்றளிப்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. தென்மேற்கில் ஜெர்ஸ் மாவட்டத்தில் 1991-இல் தோன்றிய எக்கோசர்ட் போன்ற நிறுவனங்கள் ஆய்வாளரை அனுப்பிச் சான்று தருகின்றன. எக்கோசர்ட் இந்தியாவிலும் இயங்குகிறது. 1964-இல் தொடங்கிய 'நத்யூர் ஏ ப்ரோக்ரே' அமைப்பிலோ, உழவரும் வாங்குபவரும் சேர்ந்தே தோட்டத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் பங்கேற்பு உறுதித் திட்டம் என்று மத்திய வேளாண் துறை நடத்துவது இந்த இரண்டாம் வழியின் உறவுதான். பக்கத்துத் தோட்டக்காரரின் கண்ணைவிடக் கூர்மையான ஆய்வாளர் இல்லை.

அங்கும் வெயில் சுடுகிறது

அங்கே எல்லாம் செழிப்பு என்று எழுதினால் பொய்யாகும். 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெராரக் ஊரில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது. சுற்றுவட்டாரத்தில் கொத்துகள் கொடியிலேயே கருகின. 2021 ஏப்ரலில் உறைபனி துளிர்களைக் கொன்றது. 2025 ஆகஸ்டில் ஓத் மாவட்டத்துக் கோர்பியேர் மலைகளில் எரிந்த பெருந்தீ சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. பராமரிப்பில்லாமல் விட்ட தோட்டங்கள் புதர் மண்டித் தீக்கு விறகாகின்றன, உழுது வைத்த தோட்டங்கள் தீயைத் தடுக்கின்றன என்ற பேச்சு அப்போது பெரிதாக எழுந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம், பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வருவது. கொடியை நிரந்தரமாகப் பிடுங்குபவருக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருவதாக அரசு 2024-இல் அறிவித்தபோது சுமார் 27,000 ஹெக்டேருக்கு விண்ணப்பம் குவிந்தது. பெரிய நிறுவனங்களும் இயற்கை முறைக்கு வந்துவிட்டதால் அந்த முத்திரைக்குக் கிடைத்த கூடுதல் விலை தேய்கிறது. சான்றிதழ்ச் செலவு கட்டவில்லை என்று விலகுபவர்களும் இருக்கிறார்கள். தாக்குப்பிடிப்பவர் பெரும்பாலும் வாங்குபவரை முகம் தெரிந்து வைத்திருப்பவர்: தோட்டத்து வாசலிலும் சந்தையிலும் நேரே விற்பவர். முத்திரை ஓரளவுக்குத்தான் காக்கும். உறவு அதற்கு மேலும் காக்கும்.

கம்பத்தின் கணக்கு

இனி நம் பக்கம் வருவோம். பன்னீர் திராட்சைக்கு ஹெக்டேருக்கு 30 டன் விளைச்சலை வேளாண் பல்கலைக்கழகக் கையேடு இலக்காகச் சொல்கிறது. லாங்தொக் பிறப்பிடப் பெயரில் விற்கும் ஒயினுக்கு ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டர்தான் உச்சவரம்பு; பழமாகக் கணக்கிட்டால் ஆறேழு டன். குறைவாகக் காய்த்தால் சாறு செறிவாகும் என்பது அவர்கள் விதி. எடைக்கு விற்பவர் எடையைத்தான் வளர்ப்பார். கம்பத்து உழவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்குச் சந்தை தந்திருக்கும் ஒரே அளவுகோல் தராசு.

காற்றும் வேறு. கம்பத்தில் ஆடிக் காற்று உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை எந்தக் காற்றையும் மதிக்காது. அந்த மழையில் பூஞ்சணம் ஏறும், பழம் வெடிக்கும். மருந்தின்மேல் மருந்து விழும். வெடித்த பழத்தை ஓரிரு நாளில் தள்ளியாக வேண்டும் என்பதை அறிந்த வியாபாரி பொறுமையாக இருப்பார். தள்ளுபடிப் பழத்துக்குச் சாறாகவோ காடியாகவோ ஒயினாகவோ மாற்றுவழி தோட்டக்காரர் கையில் இருந்தால், அந்தப் பேரத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். இப்போது நின்றுகொண்டே பேசுகிறார்.

ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஏஆர்ஐ-516' ரகம் பூஞ்சணத்தைத் தாங்குவது, சாற்றுக்கும் ஒயினுக்கும் ஏற்றது. பயிரிடப் பரிந்துரைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயரைப் பதிவது ஒரு வேலை. அந்தப் பெயரில் வரும் பெட்டியைத் திறந்து சோதிப்பது வேறு வேலை. முதல் வேலை முடிந்திருக்கிறது.

இல்லாதது உழவர் அளவிலான உரிமை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கிலிருந்து, 1983-இல் தோன்றி 2003 முதல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் வரை, தமிழ்நாட்டுச் சட்டம் மதுவை ஆலைச் சரக்காகவே பார்த்திருக்கிறது. கள்ளும் 1987 முதல் தடையில் இருக்கிறது. ஆலை கட்டப் பணமுள்ளவருக்கு வழி உண்டு. இரண்டு ஏக்கர் பந்தல்காரர் தன் பழத்தை வடித்துத் தோட்டத்து வாசலில் விற்க வழியில்லை.

பிற மாநிலங்கள்

மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சைப் பதப்படுத்தலுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. கர்நாடகம் 2007-இல் தொடர்ந்தது. நாசிக் பெரிய பெயரானது. ஆனால் அங்கும் பெரும்பாலான உழவர்கள் ஒப்பந்தப்படி ஆலைக்குப் பழம் கொடுப்பவர்களே. 2009 வாக்கில் விற்பனை சரிந்தபோது, வாங்க ஆளில்லாமல் ஒயின் ரகக் கொடிகளைப் பிடுங்கியவர்கள் அவர்கள்தாம். ஒயின் தொழில் வளர்ந்தால் உழவர் தானாக வளர்வார் என்ற எண்ணத்தை நாசிக் பொய்யாக்கியிருக்கிறது.

சிறியவருக்கு வழிவிட்ட முயற்சிகளும் உண்டு. கேரளம் 2022-இல் பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கென்றே விதி வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'நிளா' என்ற பெயரில் பழ ஒயின்களை உருவாக்கியது. கோவாவின் முந்திரி ஃபெனி 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது.

குடிக்கு வழிவிடுவதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் உட்கார்ந்த பெண்களின் கோபம் நியாயமானது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ஒயினைப் பண்பாடு என்று போற்றும் பிரான்சிலேயே 1991-இன் எவான் சட்டம் மது விளம்பரத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே ஒயின் உரிமத்தை முதல் கோரிக்கையாக வைப்பது தவறு என்பது என் முடிவு. தெற்கு பிரான்சின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கலப்படம் ஒழிந்தது, பிறகு கூட்டுறவு பரவியது, பிறகு தனிப் பெயர். நமக்கும் அந்த வரிசை பொருந்தும். பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயரும் கடைசியாக மருந்து அடித்த தேதியும் முதல் படி. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகச் சாறு, காடி, உலர்பழம் இரண்டாம் படி. சொந்தப் பழம் மட்டும், ஆண்டுக்கு இவ்வளவு லிட்டர்தான், காய்ச்சி வடிக்கக் கூடாது, விளம்பரம் கூடாது என்ற வரம்புகளோடு சிறு ஒயின் உரிமம் மூன்றாம் படி. அதற்கு அவசரமில்லை. ஆனால் ஆலை முதலாளிக்குத் திறக்கும் கதவை உழவருக்கு மட்டும் அடைத்துவைத்து, அதற்கு ஒழுக்கத்தைக் காரணம் சொல்வது நேர்மையில்லை.

அரிமளத்தில் திராட்சைப் பந்தல் இல்லை, தைலமரம்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் முந்திரிக்குப் பேர்போனது. ஆதனக்கோட்டையில் சாலையோரம் வறுத்து விற்கும் பருப்புக்கு ஊர்ப் பெயரே விளம்பரம். கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் என்னாகிறது? சிறுவர்கள் உப்பைத் தொட்டுத் தின்பது போக மீதி மரத்தடியில் கிடந்து புளிக்கிறது. கொட்டையைவிடப் பல மடங்கு எடையுள்ள, வைட்டமின் சி நிறைந்த பழம் அது. ஒரே நாளில் கெட்டுவிடும் என்பதால் யாரும் வாங்குவதில்லை. அதைச் சாறாகவும் காடியாகவும் மாற்ற எந்த மதுச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு சிறு கூடமும், பறித்த அன்றே பிழியும் ஏற்பாடும், புட்டியின்மேல் ஊரும் பேரும் எழுதும் துணிவும் இருந்தால் போதும். கம்பத்துக்குச் சொன்ன முதல் இரண்டு படிகளையும் எங்கள் ஊர்க்காரர்கள் வருகிற சித்திரையிலேயே தொடங்கலாம்.